லோரிஸின் இடது கைகள்

1984ஆம் ஆண்டு அக்டோபரில், உப்பு விலை ஏறிய அதே வாரத்தில், லோரிஸ் பெலெத்தியின் இடது கை முதல் முறையாக வேறொருவருடையதாயிற்று. காலையில் இவோனின் காப்பிக்கடையில் நின்றுகொண்டிருந்தான். வலது கையில் கோப்பை இருந்தது. இடது கை தானாக முழங்கால் உயரத்துக்கு இறங்கி, அங்கே இல்லாத ஒரு நாயின் தலையைத் தடவி, காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டது. லோரிஸ் நாய் வளர்த்தவன் அல்ல. "உங்க நாய்க்கும் ஒரு காப்பி போடட்டா?" என்று இவோன் கேட்டாள். அந்தக் கையில், முந்தைய ஞாயிறு பார்மா நகரச் சந்தையில் வாங்கிய பழைய எஃகுக் கடிகாரம் இருந்தது. கழற்றினால் கை அவனுடையது, கட்டினால் நாய்க்காரனுடையது. இரண்டு நாள் கழித்து, தபால்காரரின் கிழட்டு நாய் தெருவைக் கடந்துவந்து அந்தக் கைக்கு அடியில் படுத்துக்கொண்டபோது, எங்கள் லாங்கிரானோவில் இதைப் பற்றி மேற்கொண்டு பேச ஒன்றும் இருக்கவில்லை.

எங்கள் ஊரில் எல்லோருக்கும் பன்றித்தொடைத் தொழில்தான். உப்பிட்டு, வெட்டுவாயில் பன்றிக்கொழுப்பும் அரிசிமாவும் பிசைந்து பூசி, மலைக்காற்றில் ஓராண்டுக்கு மேல் தொங்கவிடுவோம். அந்த ஆண்டுகளில் பணம் நன்றாக வந்தது. மற்றவர்கள் கார் வாங்கினார்கள், கடற்கரையில் வீடு வாங்கினார்கள். லோரிஸ் பழைய ஸ்விஸ் கடிகாரங்களை வாங்கினான். பொலோஞ்ஞாவிலிருந்து உலிஸ்ஸே என்ற வியாபாரி, கடிகாரங்களை மெத்தென்ற துணியில் சுருட்டி, மாதம் ஒருமுறை கொண்டுவருவார். நாய் விஷயத்தைக் கேட்டு அவர் ஆச்சரியப்படவில்லை. "கீறல்லதான்யா ஆளு இருக்கான். இருபது வருஷம் ஒருத்தன் மேசையில, சுவத்துல, பொண்டாட்டி மேல எல்லாம் தேச்ச தேய்ப்பு அது. அதனாலதான் சொல்றேன், பாலிஷ் மட்டும் போட்டுடாத. பாலிஷ் போட்டா அது வெறும் உலோகம்" என்றார். இது லோரிஸுக்கு எளிதாகப் புரிந்தது. தொடையின் மேல் படியும் பூஞ்சையை அவசரப்பட்டுக் கழுவுகிறவனை நாங்களும் தொழிலில் சேர்த்துக்கொள்வதில்லை.

பிறகு கைகள் பெருகின. கறுப்பு முகப்புக் கடிகாரம் ஒரு மருத்துவருடையது. அதைக் கட்டிய நாட்களில் லோரிஸின் விரல்கள் எதிரில் வருபவர்களின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தன. கிழவிகள் வரிசையில் நின்றார்கள். கை என்ன கண்டுபிடித்தது என்பது லோரிஸுக்கே தெரியாததால் அவன் தோளைக் குலுக்குவான், அவர்கள் நிம்மதியாகப் போவார்கள். ஒரு தையல்காரரின் கை, பாதிரியாரின் அங்கியை விரலிடையில் உரசிப் பார்த்து, திருப்தியில்லாமல் விட்டது. வெயிலில் முகப்பு தேன்நிறமாக மாறிய ஒரு கடிகாரத்தின் கை, சும்மா இருக்கும்போதெல்லாம் முஷ்டியாக இறுகியது. அதை லோரிஸ் ஒரே ஒரு நாள் கட்டினான்.

அவன் மனைவி நீவெஸ் இந்தக் கைகள் எல்லாவற்றோடும் வாழ்ந்தாள். சாப்பாட்டு மேசையில் எந்தக் கை ரொட்டியை நீட்டுகிறது என்று பார்க்காமலே சொல்லிவிடுவாள். அவளுக்குத் தெரியாமல் இருந்தது கணவனுடைய கைதான். திருமணமான புதிதில் ஒருமுறை அவள் கழுத்தைத் தொட வந்த லோரிஸ் பாதியில் நிறுத்தி, "கொழுப்பு நாத்தம். எவ்வளவு தேய்ச்சாலும் போக மாட்டேங்குது. உன்மேல ஒட்டிக்கும்" என்று சொல்லிக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் எப்படி எடுத்துக்கொண்டான் என்று பிற்பாடு பல ஆண்டுகள் யோசித்திருக்கிறாள். கை அதன்பின் வரவில்லை. பிள்ளைகள் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஜன்னல் கதவுகளைச் சாத்தி இருவரும் படுக்கும் அந்த ஒரு மணி நேரத்தில், அவள் அவனுக்கு இடப்புறம் முதுகைக் காட்டிப் படுத்து, அவனுக்கு நான் வேண்டுமா, வேண்டாமா என்ற ஒரே கேள்வியைச் சுவரிடம் கேட்டுக்கொண்டிருப்பாள். சுவரும் லோரிஸைப் போலத்தான்.

1990இல் உலிஸ்ஸே மெல்லிய தங்கக் கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்தார். அன்று மதியம், நீவெஸ் கண்ணயரும் நேரத்தில், அவள் பிடரியில் ஒரு கை பட்டது. அது அவளுடைய குட்டை முடியை மூன்றாகப் பிரித்தது. தோளைத் தாண்டி, இடுப்புவரை, இல்லாத கூந்தலை நிதானமாகப் பின்னியது. ஒற்றைக் கையால் பின்னத் தெரிந்த கை. எவளோ ஒருத்திக்காகப் பழகியது. முடித்ததும் நுனியை ஒருமுறை அழுத்திவிட்டு ஓய்ந்தது. நீவெஸ் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் லோரிஸின் முகம் இருக்கும்.

அவள் முடி வளர்த்தாள். மூன்று ஆண்டுகளில் அது இடுப்பைத் தொட்டது. ஐம்பதை நெருங்கும் பெண் பள்ளிக்கூடப் பிள்ளைபோலப் பின்னலோடு ரொட்டி வாங்க வருவதைப் பார்த்து இவோன், "யாருக்குடி இந்த அலங்காரம்?" என்று கேட்டாள். "பின்னுறவனுக்கு" என்றாள் நீவெஸ். மதியங்களில், "இன்னைக்குத் தங்கத்தைக் கட்டேன்" என்று சாதாரணமாகச் சொல்வதுபோல் கணவனிடம் சொல்வாள். லோரிஸ் கட்டுவான். கட்டிக்கொண்டு, தன் தோளிலிருந்து நீளும் கை தன் மனைவியைத் தொடுவதைப் பக்கத்தில் படுத்துப் பார்த்துக்கொண்டிருப்பான்.

1993 ஜூனில், எந்தச் சேகரிப்பாளனும் செய்யாததை அவன் செய்தான். பார்மாவில் ஒரு பொற்கொல்லரிடம் அந்தக் கடிகாரத்தைக் கொடுத்து, புதிதுபோல் பளபளக்கும்வரை பாலிஷ் போட்டு வாங்கிவந்தான். அன்று மதியம் பின்னலை அவிழ்த்துக் காத்திருந்த நீவெஸ், நெடுநேரம் கழித்துத் திரும்பினாள். கை விரிப்பின்மேல் தன்பாட்டுக்குக் கிடந்தது. கண்ணாடிபோல் மின்னும் தங்கத்தில் அவள் முகம் தெரிந்தது.

"கொன்னுட்டியா?"

"அது என் கை, நீவெஸ்."

"உன் கை எனக்கு எப்படா தெரியும்? எப்பக் குடுத்த?"

அவன் எழுந்து உப்பிடும் கொட்டகைக்குப் போய்விட்டான். அவள் சமையலறைக் கத்தரிக்கோலால் முடியை வெட்டி அடுப்பில் போட்டாள். தெருமுனைவரை வாடை அடித்தது. செய்தி பொலோஞ்ஞாவுக்கும் போயிற்று. உலிஸ்ஸே நேரில் வந்து வாசலிலேயே நின்று கத்தினார்: "பெத்த அம்மாவ வித்திருந்தாக்கூடப் பொறுத்துக்குவேன்டா! பாலிஷா?" மிலானிலிருந்து வரும் சேகரிப்பாளர்கள் அதன்பின் லோரிஸுடன் கைகுலுக்கவில்லை. அவன் மற்ற எல்லாவற்றையும் இழுப்பறையில் வைத்துப் பூட்டி, பாலிஷ் போட்ட கடிகாரத்தை மட்டும் தினமும் கட்டிக்கொண்டான். தூங்கும்போதும் கழற்றவில்லை. உப்புத் தொட்டியிலும் தொடைகள் தொங்கும் சட்டங்களிலும் அது இடித்து இடித்துப் புதிய கீறல்கள் விழுந்தன. தன்னைத் தண்டிக்கவே அவன் அதைக் கட்டுகிறான் என்று நீவெஸ் நினைத்தாள். ஒரே கட்டிலில், அவனுக்கு முதுகைக் காட்டியபடி, பத்து ஆண்டுகள் அப்படி நினைத்தாள்.

2003 வசந்தத்தில் லோரிஸ், தொடைகள் தொங்கும் கூடத்தில், ஜன்னலைத் திறக்கும்போது இறந்தான். அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து உலிஸ்ஸே வந்தார். கோபமெல்லாம் ஆறியிருந்தது. நாய்க்காரன், மருத்துவர், தையல்காரர், எல்லாவற்றுக்கும் நல்ல விலை கொடுத்தார். தங்கக் கடிகாரத்தை மட்டும் நகத்தால் தள்ளிவிட்டார். "இதுல யாரும் இல்லீங்க சிஞ்ஞோரா. நீங்களே வச்சுக்கங்க, மணி பாக்க ஆகும்."

அன்று மதியம் நீவெஸ் ஜன்னல் கதவுகளைச் சாத்தினாள். தன் பக்கத்தில் படுக்கப் பிடிக்காமல் லோரிஸின் பக்கம் படுத்தாள். மணி பார்க்கத்தான் கடிகாரத்தைக் கட்டியிருந்தாள். கண் மூடும் நேரத்தில் அவளுடைய இடது கை எழுந்தது. அவளுடைய பழைய இடத்தை நோக்கி நீண்டு, அவள் பிடரி இருக்கும் இடத்தில், தலையணைக்கு ஒரு விரல் அளவு மேலே நின்றது. இறங்கவில்லை. திரும்பி வரவும் இல்லை. அந்தரத்தில் பிடித்துவைத்த பாரத்தால் கை நடுங்கியது, ஆனாலும் நின்றது. அந்த நடுக்கம் ஒரு நாளில் வருவதல்ல, தன் முதுகுக்குப் பின்னால் பல ஆண்டுகள் பழகியது என்று அவள் தோள் அறிந்துகொண்டது. தேவாலயத்தில் மூன்று மணி அடித்ததும், யாரோ விழித்துவிடப்போகிறார்கள் என்பதுபோல் கை அவசரமாகத் திரும்பியது.

மறுநாள் அங்கே இன்னொரு தலையணையைச் சேர்த்துவைத்தாள். கையும் ஒரு விரல் உயர்ந்துகொண்டது. மூன்றாவதை வைத்தாள். அப்போதும் அப்படியே. "வாயேன்டா" என்று சத்தமாகவே சொன்னாள். கை நடுங்கியதே தவிர இறங்கவில்லை. மூன்றாம் நாள் நீவெஸ் கொட்டகைக்குப் போய், கொழுப்பும் அரிசிமாவும் பிசைந்த பசையை ஒரு கிண்ணத்தில் எடுத்துவந்தாள். அதைத் தன் பிடரியில் பூசினாள், முடியில் பூசினாள், அந்தத் தலையணை முழுக்கவும் தேய்த்தாள். அறை முழுவதும் லோரிஸின் வாடை எழுந்தது. "இனி ஒட்டிக்க ஒண்ணுமில்ல" என்றாள். படுத்தாள். கை நீண்டது, வழக்கமான இடத்தில் நின்றது, அங்கே கொஞ்சம் தயங்கியது. பிறகு இறங்கியது.

இது நடந்து பல ஆண்டுகள் ஆகின்றன. சலவைக்காரி மட்டும் இன்னும் முணுமுணுக்கிறாள். நீவெஸ் பெலெத்தி வீட்டுத் தலையணை உறைகளை இரண்டு முறை வெந்நீரில் போட வேண்டியிருக்கிறது, கூலி கூடுதலாகக் கேட்கிறாள். நீவெஸ் பேரம் பேசாமல் கொடுத்துவிடுகிறாள்.