டயர் வண்டியா, பெல்ட் வண்டியா

தை பிறந்து பத்து நாளாகியும் வானம் வெறிக்கவில்லை. காலை ஏழு மணிக்கே ஜூலியட்டின் போன் அடித்தது. ஒரத்தநாட்டிலிருந்து, அறுவடை மெஷின்களை வாடகைக்கு விடும் ஜெயபாரதி.

"விடியக்காலை மழை கொட்டிடுச்சும்மா. புக்கிங் வந்துச்சேன்னு டயர் வண்டிய அனுப்பினேன், பாதி வயல்ல புதைஞ்சு நிக்குது. ஈரம்னா பெல்ட் வண்டிதான் இறங்கும். வயல் ஈரமான்னு ஃபார்ம்ல கேக்கணும். எத்தனை நாளாகும்?"

ஜெயபாரதிக்கு புக்கிங் வரும் இணையதளத்தைத் தஞ்சாவூரில் உட்கார்ந்து செய்தவள் ஜூலியட்தான். விவசாயிகள் நிரப்ப, ஊருக்கு ஒன்றாகப் பன்னிரண்டு புக்கிங் ஃபார்ம். ஓர் ஊரில் நிலத்தை மா கணக்கில் கேட்க வேண்டும், இன்னோர் ஊரில் ஏக்கரில். ஒரு கட்டம் கூட்டச் சொன்னால் பன்னிரண்டு இடத்திலும் கோட் எழுதி முடிக்க இரண்டு நாள் ஓடிவிடும். போன வாரம்தான் அலுத்துப்போய் அத்தனையையும் மாற்றியிருந்தாள். என்ன கட்டம், என்ன கேள்வி, கட்டாயமா என்று பட்டியலில் ஒரு வரி சொன்னால் போதும். கட்டத்தை வரைவதும் பதிலைச் சரிபார்ப்பதும் அடியில் ஓடும் ஃப்ரேம்வொர்க்கின் பாடு. ஆனால் அவசரத்துக்கு இன்னும் அதை நம்பிப் பார்த்ததில்லை.

"லைன்லயே இருங்கக்கா."

பட்டியலில் ஒரு வரி அடித்தாள். 'வயல் எப்படி இருக்கு?' பக்கத்தில், கட்டாயம். சேமித்தாள். பன்னிரண்டு ஃபார்மிலும் கேள்வி வந்து உட்கார்ந்திருந்தது!

"வந்துடுச்சுக்கா! எல்லா ஊருக்கும்!"

"அதுக்குள்ளயா?"

அரை மணியில் ஜெயபாரதியே கூப்பிட்டாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு. "கேளு. 'சதசதன்னு கெடக்கு'. 'கால் புதையுது'. ஒருத்தரு 'வந்து பாத்துக்கங்க'ன்னு எழுதியிருக்காரு. இதுல எந்த வண்டிய நான் அனுப்ப?"

ஜூலியட் தலையில் அடித்துக்கொண்டாள். இஷ்டத்துக்கு எழுதும் கட்டமாகச் சொல்லித் தொலைத்திருக்கிறாள். அதே வரியில் வகையை மட்டும் மாற்றி, தேர்ந்தெடுக்க மூன்று பதில் வைத்தாள். அவர்கள் வாயில் வந்த சொற்களையே எடுத்துக்கொண்டாள்: காஞ்சிருக்கு, சதசதன்னு இருக்கு, கால் புதையுது.

அடுத்த புக்கிங் நன்னிலத்திலிருந்து, பக்கிரி என்பவர். கால் புதையுது. பெல்ட் வண்டி கிளம்பியது.

மதியம் ஜெயபாரதி மறுபடி பேசினாள். பின்னால் மெஷின் இரைச்சல் காதைப் பிளந்தது.

"அறுத்துக்கிட்டிருக்கும்மா! ஏம்மா, வைக்கோலைக் கட்டாக் கட்டணுமான்னும் கேட்டுட்டா..."

அவள் முடிப்பதற்குள் ஜூலியட்டின் விரல்கள் அந்த வரியை அடிக்கத் தொடங்கியிருந்தன.