உள்ளுறை

விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. குளிர்கிடங்கின் இரும்புக் கதவு திறந்ததும் வெள்ளைப் புகை தரையோடு தரையாக ஊர்ந்து வந்து கால்களைக் கவ்வியது. பதினாறு பெண்கள் வரிசையாக உள்ளே போனார்கள். பலகைபோல் உறைந்த மீன்கட்டிகளைத் தட்டிலிருந்து பெயர்த்து ஓடும் பெல்ட்டில் வைக்க வேண்டும். பெல்ட் நிற்கும்வரை வைக்க வேண்டும். முதல் கால் மணி நேரம் விரல்கள் எரியும். அப்புறம் குத்தும். அதற்கும் அப்புறம் ஒன்றுமே இருக்காது. அந்த ஒன்றுமில்லாததைத்தான் அவர்கள் "பழகிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டார்கள்.

வரிசையில் நான்காவதாக நின்றவளை எல்லோரும் நூல்கண்டு என்று கூப்பிடுவார்கள். யாருக்குப் பொத்தான் அறுந்தாலும், யாருடைய பையின் காது பிய்ந்தாலும், சாப்பாட்டு இடைவேளை முடிவதற்குள் தைத்துக் கொடுத்துவிடுவாள். கம்பெனி கூடுதல் நேர வேலையை நிறுத்திய மாதம், பெயின்டரான அவள் வீட்டுக்காரருக்கும் மழையால் வேலை இல்லை. அந்த மாதத்தில்தான் அவள் பழைய ஸ்வெட்டர் ஒன்றின் கையை வெட்டி, கையுறைக்குள் போட்டுக்கொள்ள, இரண்டு மடிப்பாகத் தனக்கென ஒரு ஜோடி உள்ளுறை தைத்தாள். தையல் விரல் நுனியில் உறுத்தாமல் பக்கவாட்டில் போகும்படி தைத்திருந்தாள். அதைப் போட்டு, மேலே கம்பெனியின் மெல்லிய ரப்பர் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டாள். அன்று இடைவேளை மணி அடித்தபோதும் அவள் விரல்கள் அவளுடையவையாகவே இருந்தன.

அடுத்த நாள் பக்கத்தில் நிற்கும் பெரியக்கா கேட்டாள். அந்த வரிசையில் அதிக வருஷம் நின்றவள் அவள்தான்.

"எனக்கும் ஒண்ணு தச்சுக் குடுடி. இந்த விரல் என்னோடதா, பக்கத்து வீட்டுக்காரியோடதான்னே தெரியல."

ஒரு மாதத்தில் பதினாறு பேர் கையிலும் உள்ளுறை ஏறியது. நூல்கண்டின் பத்தாவது படிக்கும் மகள் அதைப் படம் பிடித்து, போனில் ஒரு சின்னக் கடை திறந்தாள். உறையைப் பாதி மாட்டிய படத்துக்கு அம்மாவின் வெடித்த கையும் சரிவரவில்லை, அப்பாவின் பெயின்ட் படிந்த கையும் சரிவரவில்லை. கடைசியில் மகளே ஒரு கையை நீட்டி, மறு கையால் படம் எடுத்தாள். பன்னிரண்டு நாள் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. பதின்மூன்றாம் நாள், விடியற்காலையில் வண்டியில் பால் போடுகிற யாரோ ஒருவர் முதல் ஜோடி கேட்டார். அப்புறம் இறைச்சிக் கடைக்காரர்கள், குளிர்லாரி ஓட்டுகிறவர்கள், எங்கெங்கோ இருக்கும் கிடங்குகளில் இவளைப்போலவே கட்டி பெயர்க்கிறவர்கள்.

நூல்கண்டு வேலை முடிந்து வந்ததும் துணி வெட்டுவாள். சாயங்காலம் தைப்பாள். மறுநாள் ஷிப்ட் முடிந்த கையோடு பார்சலைக் கூரியர் ஆபீசில் போடுவாள். தையல் மெஷின்மேல் தலை சாய்ந்துவிடும்.

"சேத்துல ஒரு கால், ஆத்துல ஒரு காலுன்னு எத்தனை நாளைக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

"ரெண்டு காலும் ஐஸ்லதான் இருக்கு" என்றாள் அவள். கம்பெனியை விடத் தைரியம் வரவில்லை. தைப்பதை விடவும் மனம் வரவில்லை. எதைப் பற்றியும் பெரிதாக எதுவும் தோன்றவில்லை. விடிந்தால் கிடங்கு, பகலில் துணி. நாட்கள் பெல்ட்டில் போவதுபோல் போயின.

வினை மகள் எழுதிய ஒரு வரியில் வந்தது. கடையில் படத்துக்குக் கீழே, 'கம்பெனி கொடுக்கும் கையுறை போதாதவர்களுக்கு' என்று எழுதியிருந்தாள். உண்மையைத்தான் எழுதினாள். அது யார் மூலமோ முதலாளியின் போனுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் கதவருகே நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கம்பெனி கொடுப்பதைத் தவிர வேறு எதையும் கையில் அணியக் கூடாது. சூப்பர்வைசர் வாசலிலேயே நின்று ஒவ்வொருத்தி கையையும் புரட்டிப் பார்த்து உள்ளே விட்டான்.

"இதென்ன, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாதிரி கையைப் புடிச்சுப் புடிச்சுப் பாக்குறீங்க?" என்றாள் வாயாடி. வரிசையின் கடைசியில் நிற்கிறவள். யாரும் சிரிக்கவில்லை.

உள்ளுறைகள் எல்லாம் அலமாரிக்குள் போயின.

ஒன்பதாம் நாள் காலை, பெல்ட்டின் உருளையில் ஒரு கட்டி சிக்கியது. பெரியக்கா அதைத் தள்ளிவிடக் கையை நீட்டினாள். தள்ளிவிட்டுத் திரும்பி அடுத்த கட்டியை எடுத்து வைத்தாள். அதற்கும் அடுத்ததை வைத்தாள். வெள்ளை ஐஸ்மேல் சிவப்பாக ஏதோ பரவுவதை நூல்கண்டுதான் முதலில் பார்த்தாள்.

"அக்கா, கை..."

பெரியக்கா குனிந்து பார்த்தாள். ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது. அவள் கத்தவில்லை. "யாரோடதுடி இது?" என்று கேட்டாள்.

பெல்ட்டை நிறுத்தச் சொல்லி வாயாடி தட்டைத் தரையில் போட்டு அடித்தாள். ஆட்டோ வந்து பெரியக்காவை ஏற்றிக்கொண்டு போன பத்தாவது நிமிஷம் பெல்ட் மறுபடி ஓடியது. நூல்கண்டும் கட்டி எடுத்து வைத்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

மத்தியானம் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். அறை கதகதப்பாக இருந்தது. அவள் கடையின் படம் அவர் மேஜைமேல் இருந்த போனில் திறந்து கிடந்தது.

"உட்காரும்மா. நல்லாத் தச்சிருக்கே. கை வேலைன்னா இதுதான்."

அவள் உட்காரவில்லை.

"ஒரு சின்னக் கையெழுத்து வேணும். அந்தம்மா நோட்டீஸை மீறி உள்ள உன்னோட உறையைப் போட்டிருந்தாங்க, அது உருளையில மாட்டிக்கிச்சுன்னு. அவ்வளவுதான். உன்மேல எதுவும் வராது, அதுக்கு நான் பொறுப்பு. அடுத்த மாசத்துல இருந்து நம்ம மூணு கிடங்குக்கும் உன்கிட்டதான் உள்ளுறை வாங்குவோம். போன்ல ஒண்ணு ரெண்டுன்னு எத்தனை நாளைக்கு வித்துட்டிருப்பே?"

"அவங்க போட்டிருக்கலையே சார்."

"யாரு பாத்தா?"

"நான் பாத்தேன். பக்கத்துலதான் நின்னேன்."

"அதனாலதான் உன்னைக் கேக்குறேன்" என்றார் முதலாளி. "நாளைக்குக் காலையில சொல்லு. மத்தவங்களையும் ஒவ்வொருத்தராக் கூப்பிட்டுப் பேசுவேன்."

மூன்று கிடங்கு. அவள் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு நடந்தாள். இன்னொரு மெஷின் வாங்கலாம். இந்தக் குளிருக்குள் இனிக் காலே வைக்க வேண்டாம். வீட்டில் சொன்னதும் மகள், "மூணு கிடங்கா!" என்று எழுந்தே நின்றுவிட்டாள். முழுவதையும் கேட்ட பிறகு மெல்ல உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் கையில் இருந்த டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"நான் போடுன்னும் சொல்லல, போடாதேன்னும் சொல்லல. பெரியக்காவைப் போய் ஒரு தடவை பாத்துட்டு வந்துடு" என்றார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெரியக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கை தலைகாணிபோல் கட்டப்பட்டிருந்தது.

"வலிக்குதா அக்கா?"

"ஏழு வருஷமா அந்த விரல்ல சுரணையே இல்லடி. கிள்ளுனாலும் தெரியாது. உன் உறை போட்டிருந்த நாள்லதான் கொஞ்சம் தெரிஞ்சது. இப்ப அது இல்ல, இல்லாத இடம் உயிர் போற மாதிரி வலிக்குது. என்ன கூத்து பாரு."

நூல்கண்டு முதலாளி சொன்னதைச் சொன்னாள். மறைக்கத் தோன்றவில்லை. பெரியக்கா இந்தப் பக்கம் திரும்பினாள்.

"கையெழுத்தைப் போட்டுக் குடுத்துடு."

"அக்கா!"

"மூணு கிடங்குடி. நீயாச்சும் அந்த ஐஸ்ல இருந்து வெளிய வா. எனக்கு அவங்க நஷ்டஈடு குடுப்பாங்கன்னு நீ நம்புறியா? நான் நம்பல. ரெண்டு பேரும் சேந்து முங்குறதுக்கு ஒருத்தி கரையேறட்டும்."

அவள் கோபமாகத் திட்டியிருந்தால் நூல்கண்டு தாங்கிக்கொண்டிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தாள். போன் அதிர்ந்தது. யாரோ இரண்டு ஜோடி கேட்டிருந்தார்கள். 'குளிரில் வேலை, விரல் மரத்துப் போகிறது' என்று எழுதியிருந்தார்கள். முகம் தெரியாத அந்த ஆளின் கிடங்கிலும் ஒரு உருளை சுற்றிக்கொண்டிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த உருளையில் சிக்குகிற விரலுக்கும் ஒரு காகிதம் தயாராக இருக்கும்.

மறுநாள் விடியலில், உடை மாற்றும் அறையில் எல்லோரும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் பேசினாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள். சுவரைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். கையெழுத்தைச் சொன்னாள். மூன்று கிடங்கு ஆர்டரையும் சொன்னாள்.



"என்னையும் நேத்து கூப்பிட்டார்" என்றாள் ஒருத்தி. "நிரந்தரம் பண்றேன்னார்."

"எனக்கு உள்ள நிக்க வேண்டாமாம். எடை போடுற இடத்துல வேலையாம்" என்றாள் இன்னொருத்தி.

வாயாடி எழுந்தாள். "எனக்கு ஒண்ணுமே குடுக்கலையே! என் வாய்க்குப் பயந்துட்டாரு போல." இந்தத் தடவை நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாம விலை பேசியிருக்கார். இப்பத் தெரிஞ்சுபோச்சு. ஒவ்வொருத்தராப் போக வேணாம். வாங்க, எல்லாரும் போவோம்."

முதலாளி வந்ததும் பதினைந்து பேரும் அவர் அறைக்குள் நுழைந்தார்கள். நாற்காலி போதவில்லை, தரையும் போதவில்லை.

"ஒவ்வொருத்தராத்தானே வரச் சொன்னேன்?"

"சேந்துதான் சார் வேலை செய்யறோம்" என்றாள் வாயாடி.

நூல்கண்டு முன்னால் வந்தாள். "நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார். அக்கா உள்ளுறை போட்டிருக்கல. போட்டிருந்தா உருளை தொட்டது விரலுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"அப்ப ஆர்டர் கிடையாது. வேலையும் கிடையாது. கம்பெனிச் சம்பளம் வாங்கிக்கிட்டே சொந்த வியாபாரம் பண்ணினதுக்கு உன்னை வெளிய அனுப்ப எனக்கு அஞ்சு நிமிஷம் போதும்."

"வியாபாரம் பண்ணேன். இல்லைங்கல. சம்பளம் வயித்துக்கு எட்டியிருந்தா நான் ஏன் சார் மெஷின்ல போய் உக்காரப் போறேன்?" அவள் குரல் உயரவில்லை. "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மூணு கிடங்குக்கும் வாங்கறேன்னீங்களே, அப்ப அது நல்ல உறைதானே? நல்லதை ஏன் தடை பண்ணீங்க?"

முதலாளி போனைக் கவிழ்த்து வைத்தார். வாசலில் நின்ற சூப்பர்வைசரைப் பார்த்து, "இவளை வெளிய அனுப்பு" என்றார்.

"இவளையா, இவங்களையா சார்?" என்று கேட்டான் அவன். கேட்ட பிறகுதான் பதினைந்து பேரும் ஏற்கெனவே திரும்பி நடந்துகொண்டிருப்பதைப் பார்த்தான்.

வாசல் கேட்டுக்கு வெளியே, லாரிகள் திரும்பும் இடத்தில் உட்கார்ந்தார்கள். கேட்டது இரண்டே இரண்டு. பெரியக்காவுக்கு மருத்துவச் செலவும் நஷ்டஈடும் வேண்டும். உருளைக்கு மூடி போட வேண்டும். வாயாடி அதை ஒரு அட்டைப்பெட்டியின் பக்கத்தில் பெரிதாக எழுதினாள். யாரோ ஒருத்தி மூன்றாவதாக, கைக்கு ஏற்ற கையுறை என்றாள். அதையும் எழுதினாள். வெயில் ஏறியது. முதலாளியின் கார் ஹாரன் அடித்துக்கொண்டே அவர்களைக் கடந்து போனது. நூல்கண்டுக்குப் பயமாக இருந்தது. பயம் என்று ஒன்று தெரிந்ததே அவளுக்கு வியப்பாக இருந்தது.

மதியம் இரண்டாவது ஷிப்ட்டின் பஸ் வந்து நின்றது. பெண்கள் சாப்பாட்டுப் பையோடு இறங்கி, அட்டையை வாய்விட்டுப் படித்தார்கள். சூப்பர்வைசர் கேட்டைப் பாதி திறந்து, "சீக்கிரம் உள்ள வாங்க, இவங்ககூட நிக்காதீங்க" என்று கத்தினான். இரண்டு பேர் தலையைக் குனிந்தபடி உள்ளே போனார்கள். மற்றவர்கள் போகவும் இல்லை, உட்காரவும் இல்லை.

நடுவயதுக்காரி ஒருத்தி கூட்டத்திலிருந்து பிரிந்து வந்தாள். நூல்கண்டு அவளை அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு ஷிப்ட் போன பிறகுதான் மறு ஷிப்ட் வரும். அவள் பையைத் தரையில் வைத்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காரும்மா" என்றாள்.

நூல்கண்டு நகர்ந்து இடம் விட்டாள்.