'கொசு' என்று எழுதிய தட்டு

எங்கள் பராமரிப்பு அலுவலகத்தில் மூன்று தட்டுகள் உண்டு. அடுக்குமாடிக் கட்டடங்கள் ஐந்திலிருந்து வரும் குறைகளைச் சீட்டில் எழுதிப் பிரித்துப் போடுவது என் வேலை. லிஃப்ட் நின்றால் 'தலைவலி'; அன்றே ஆள் போகும். கழிவுக்குழாய் அடைத்தால் 'குடைச்சல்', மறுநாள். மற்றதெல்லாம் 'கொசு'. வியாழக்கிழமைதோறும் அந்தத் தட்டைக் கவிழ்த்து, கதவுச் சீட்டுகளைத் தச்சரிடமும் கசிவுச் சீட்டுகளைப் பிளம்பரிடமும் சுவர்ச் சீட்டுகளைப் பெயின்டரிடமும் கொடுத்துவிடுவேன். பெயர் வைத்தது நான்தான். மேனேஜர்கூட ரசித்துச் சிரித்தார்.

தச்சர், நான் கட்டிக்கொள்ளப் போகிறவர். கல்யாணத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருந்தது.

அந்த வியாழன் காலை சீட்டைப் பார்த்ததுமே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மூணாவது கட்டடமா? நம்ம நச்சு அத்தை கதவைப் போன மாசம்தானே சீவிவிட்டேன்?"

"அதுக்கு முந்தின மாசமும்தான். கதவு இடிக்குது, இடிக்குதுன்னு தினம் போன் பண்ணி என் உயிரை வாங்குறாங்க."

"கதவுக்குத் தொப்பை போட்டிருக்கும். இப்படியே சீவினா, பத்திரிகை வைக்கப் போறப்ப தட்டக் கதவே இருக்காது, குறைப்பெட்டி."

குறைப்பெட்டி என்பது எனக்கு அவர் வைத்த செல்லப்பெயர்; ஓயாமல் நச்சரிக்கும் நாலாம் மாடி அம்மாவுக்கு வைத்தது நச்சு அத்தை.

அவர் கிளம்பிப் போனார். பிளம்பரும் பெயின்டரும் அன்று லீவு. அவர்களுடைய சீட்டுகள் என் மேசையிலேயே கிடந்தன. சும்மா இருப்பானேன் என்று, முதன்முறையாக அவற்றைக் கட்டடவாரியாக அடுக்கினேன்.

மூன்றாவது கட்டடம். நாலாம் மாடியில் நச்சு அத்தை வீட்டுச் சமையலறைச் சுவரில் விரிசல். அதற்கு நேர் கீழே, மூன்றாம் மாடியில் அதே சுவரில் விரிசல். இரண்டாம் மாடியில் எத்தனை முறை இறுக்கியும் நிற்காத கசிவு. முதல் மாடியில் தரை ஓடு தானாக வெடித்திருந்தது. எல்லாம் ஒன்றின் கீழ் ஒன்று. எல்லாம் இந்த ஒரே வாரத்துச் சீட்டுகள்.

இரண்டு மாதமாக இடிக்கும் கதவும் அதே வரிசையில்தான். அவருக்குப் போன் செய்தேன்.

"கதவை விடுங்க. நிலை நேரா இருக்கான்னு ரசமட்டம் வெச்சுப் பாருங்க."

"எதுக்கு?"

"எனக்காக."

பையில் கருவிகள் உரசும் சத்தம் கேட்டது. "என்னப்பா, அதையே திருப்பித் திருப்பி வெச்சுப் பார்க்கிறே?" என்று தூரத்தில் அத்தையின் குரல்.

"குமிழி ஒரே ஓரமாப் போய் ஒட்டிக்கிச்சு." அவர் குரல் இறங்கியிருந்தது. "நிலையே சாஞ்சிருக்கு. கட்டடம் சாயச் சாய, நான் அதுக்குத் தோதாக் கதவைச் சீவிட்டு இருந்திருக்கேன்."

"கீழ வந்துடுங்க."

"இவங்களை எல்லாம் விட்டுட்டா? மொத்தம் எட்டு வீடு. நீ போன் போடு, நான் கதவைத் தட்டுறேன்."

முதலில் தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னேன். மேனேஜர் எட்டிப் பார்த்து, "கொசுவுக்குப் போய் பீரங்கியா?" என்றார். அதற்குள் நான் வீடுகளுக்குப் போன் போட ஆரம்பித்திருந்தேன். "நச்சரிக்காதம்மா, குளிக்கப் போறேன்" என்று ஒருவர் போனை வைத்தார். மறுபடி அடித்தேன். மறுபடியும் அடித்தேன். எட்டாவது வீடும் எடுத்த பிறகு தெருவில் இறங்கி ஓடினேன்.

ஏழு வீட்டு ஆட்கள் ரோட்டில் முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள். அவரைக் காணோம். படிக்கட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு யுகம் கழித்து, மூட்டுவலிக்கார அத்தையை அணைத்துப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டு வந்தார். எனக்கு மூச்சு வந்தது.

பத்து நிமிடம் ஆயிற்று. தீயணைப்பு வண்டி இன்னும் வரவில்லை. வெயிலில் கட்டடம் எப்போதும் போல் நின்றது.

"ஒண்ணும் ஆகலையே. அடுப்புல பாலை வெச்சுட்டு வந்தேன்" என்று முதல் மாடிக்காரர் கேட்டை நோக்கி நடந்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"வழியை விடும்மா. சரியான இம்சை!"

"இம்சைதான் சார். திட்டிக்கோங்க. உள்ள மட்டும் போகாதீங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள், கட்டடத்துக்குள்ளே எங்கோ, யாரோ விரலைச் சொடுக்கியது போல ஒரு சத்தம். அடுத்து இன்னொன்று. இரண்டாம் மாடிச் சுவரிலிருந்து காரைத்தூள் மாவு சலித்தது போல் இறங்கியது. காற்றே இல்லை.

தச்சரின் கை என் தோளை இறுக்கியது.

"பின்னாடி வா" என்றார். "இன்னும் பின்னாடி."