நாற்பத்தைந்தில் போடவும்

கொயென்ஜி ரயில் பாலத்தை ஒட்டிய சந்தில், செங்குத்தான மாடிப்படியின் உச்சியில் இருந்தது தோகாஷியின் காபிக் கடை. பாட்டு கேட்பதற்கென்றே ஆட்கள் வரும் கடை. இசைத்தட்டு சுற்றும்போது யாரும் பேசக் கூடாது. மாஸ்டர் தோகாஷியைத் தவிர யாரும் இசைத்தட்டுக் கருவியைத் தொடக் கூடாது. சட்டம் இவ்வளவுதான். இரண்டு வருடமாக அங்கே காபி ஊற்றும் சிகுசா இரண்டையும் மீறியதில்லை. ஆனால் கல்லாவுக்குப் பின்னால் அவள் கால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும்.

சுவர் முழுக்கக் கார்டுகள். ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் கீழே, அதைப் பற்றி ஒருவர் தன் கையால் எழுதிய நாலு வரி, அடியில் பெயர். சிகுசாவின் பெயர் எங்கும் இல்லை. நான்கு முறை எழுதிக் கொடுத்தாள். நான்கு முறையும் மாஸ்டர் திருப்பிக் கொடுத்தார்.

"இது உன் அபிப்பிராயம் இல்லம்மா. முனாகாதா சார் எழுதினத வார்த்தய மாத்தி எழுதியிருக்க."

உண்மைதான். கட்டுரையெல்லாம் எழுதும் பெரிய மனிதர் முனாகாதா; சுவரில் அவர் கார்டுதான் பெரிது. அவள் வீட்டில் ஓர் இசைத்தட்டுகூட இருந்ததில்லை. வடக்கே ஒரு துறைமுக ஊர். அம்மா மீன் டப்பாத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் சிகுசா. டோக்கியோவுக்கு வந்த பிறகு எது நல்ல படம், எது நல்ல பாட்டு என்று மற்றவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். எல்லோரும் கண்ணை மூடினால் தானும் மூடுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதற்கு ஒரு முடிவு தெரிந்தாக வேண்டியிருந்தது. எதிர்ச் சந்தின் சின்னத் திரையரங்கில் வருடத்துக்கு ஒருமுறை ஓடும் அந்தப் படம் அன்று. ஈரமான ஒரு கோட் கொக்கியில் தொங்குவதை ஏழு நிமிடம் அசையாமல் காட்டும் படம். பின்னணியில் யுகினே பாடிய 'உப்புக் கொட்டகை'. நாற்பது வருடத்துக்கு முன்னால் இருநூறே பிரதிகள் வந்த தட்டு. பாடியவர் ஆணா பெண்ணா என்றுகூட யாருக்கும் தெரியாது. உறையில் படம் இல்லை, ஒரு குறிப்பும் இல்லை. படம் முடிந்ததும் கூட்டம் மாடியேறி வந்து அந்தத் தட்டை முழுசாகக் கேட்கும். அதற்குப் புதுக் கார்டு எழுதும் முறை இந்த வருடம் சிகுசாவுக்கு.

"மூணு மணிக்குள்ள குடு," என்றார் மாஸ்டர். "இதுவும் முனாகாதா சார் எழுதின மாதிரியே இருந்தா, இனிமே கேக்கவே மாட்டேன்." தட்டை அவரே சுழல விட்டு, காபிக்கொட்டை வாங்கக் கிளம்பிப் போனார்.

சிகுசா தனியாக உட்கார்ந்தாள். சேற்றில் கால் இழுப்பது போன்ற குரல். கேட்கும்போதெல்லாம் காதுக்குள் தண்ணீர் போன மாதிரி அவளுக்கு இருப்புக் கொள்ளாது. தனக்குத்தான் ரசனை இல்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். இரண்டாம் பக்கத்தின் கடைசியில், குரலுக்கு அடியில், அந்தச் சத்தம் வந்தது. 'பாதாளத்திலிருந்து எழும் மணி' என்று முனாகாதா தன் கட்டுரையில் மூன்று பக்கம் எழுதியது அதைப் பற்றித்தான்.

இன்று அது பாதாளம் மாதிரி இல்லை. மீன் வாடை அடித்தது.

ஊரில் எங்கேயோ கேட்ட சத்தம். தட்டு ஓய்ந்ததும், தொடக் கூடாது என்பதையும் மறந்து முள்ளைப் பின்னால் எடுத்து வைத்து, அம்மாவுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கிப் பக்கம் பிடித்தாள்.

"இது என்னான்னு சொல்லும்மா."

"ஏண்டி, லீவு நாள்ல கூட இதையா கேக்கணும்? எங்க கம்பெனி விடறப்போ அடிக்கிற மணிப் பாட்டுதான! ஏன் இப்படி இழுக்குது? மோட்டார் கீட்டார் போயிடுச்சா?"

"நல்லாத் தெரியுமா?"

"முப்பது வருஷமா அது அடிச்சாத்தான் கையுறையக் கழட்டுறேன். என்னக் கேக்கிறியா தெரியுமான்னு?"

சிகுசா போனை வைத்தாள். கருவியில் இரண்டு வேகம்: நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்று, அல்லது நாற்பத்தைந்து. உறையில் எதுவும் போட்டிருக்கவில்லை. பெரிய தட்டு என்றால் முப்பத்து மூன்று என்று முதல் நாள் யாரோ வைத்தார்கள். வைத்தது வைத்ததுதான்.

குமிழைத் திருகினாள்.

ஒரு பெண் பாடினாள். இருபது வயதுகூட இருக்காது. புலம்பல் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. உப்புக் கொட்டகையில் நாள் முழுக்க நின்றவள் முதலாளியை வாய்க்கு வந்தபடி கிண்டலடிக்கிறாள், நடுவில் சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு வரியைத் தவறவிடுகிறாள். கடைசியில் தொழிற்சாலை விடும் மணி அடிக்கிறது. அவ்வளவுதான் பாட்டு. சிகுசாவின் கால் ஆடியது, முதல் தடவையாகத் தாளத்தோடு.

குமிழைப் பழையபடி திருப்பி வைத்து, கார்டை ஒரே மூச்சில் எழுதி முடித்தாள். மாஸ்டர் திரும்பும்போதே பின்னால் கூட்டமும் வந்துவிட்டது. கார்டை வாங்கி, படிக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மாஸ்டர், மொதல்ல அதப் படிங்க."

"அப்புறம். தண்ணி வை."

கல்லூரியில் சினிமா சொல்லிக் கொடுக்கும் முனாகாதா, கோட்டைக் கழற்றாமல் நடு நாற்காலியில் அமர்ந்தார். "அந்த ஏழு நிமிஷம் இருக்கே, அத இந்தக் குரல் இல்லாம யோசிக்க முடியாது. சாவு நடந்து வர்ற வேகம்." பன்னிரண்டு தலைகள் ஆடின. மாஸ்டர் முள்ளை வைத்தார், முப்பத்து மூன்றில். பன்னிரண்டு பேரும் கண்ணை மூடினார்கள்.

அந்தப் பெண்ணின் கழுத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தோன்றியது சிகுசாவுக்கு. ஒரு பாட்டு பொறுத்தாள். இரண்டாவதும் பொறுத்தாள். மூன்றாவதில் கையிலிருந்த காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு நேராகப் போய்க் குமிழைத் திருகினாள்.

குரல் துள்ளி எழுந்தது. கண்கள் திறந்தன.

"யாரு இது?" என்றார் முனாகாதா. தட்டு சுற்றும்போது அவர் பேசியது அதுவே முதல் தடவை.

"யுகினேதான் சார். பொண்ணு. நீங்க இருபது வருஷமா அவளத் தப்பான வேகத்துல கேட்டிருக்கீங்க."

"என்னம்மா உளர்ற? அந்த மணி?"

"மீன் டப்பாக் கம்பெனி விடறப்போ அடிக்கிற மணி. எங்கம்மா அங்கதான் வேல செய்றாங்க. வேணும்னா போன் போட்டுத் தரேன்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முனாகாதா சிரிக்கவில்லை. இரண்டாம் பக்கத்தின் கடைசி வரை கேட்டார். மணியும் வந்துபோனது. எழுந்து மப்ளரைச் சுற்றிக்கொண்டார்.

"இருக்கலாம். ஆனா நான் கேட்டது வேற பாட்டும்மா. எனக்கு உசுரான பாட்டு."

அவர் குரல் நடுங்கியது நிஜம். இருந்தாலும் சிகுசாவின் வாய் சும்மா இருக்கவில்லை.

"அப்போ அத உங்க பாட்டுன்னே எழுதுங்க சார். அவ பேரப் போடாதீங்க."

அவர் படியிறங்கினார். பாதிக் கூட்டம் கூடவே போனது. மாஸ்டர் முள்ளைத் தூக்கி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"கருவியத் தொட்டுட்ட."

"தொட்டேன்."

"நாளைலருந்து வராத."

"சரி."

அவர் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்துப் படித்தார். 'நாற்பத்தைந்தில் போடவும். இவள் அழவில்லை, திட்டுகிறாள். இதைக் கேட்டுக் கண்ணை மூடாதீர்கள். கொக்கியில் தொங்கும் கோட்டை இரண்டு தடவை பார்த்தேன். அது காய்ந்தால் வீட்டுக்குப் போகலாம் என்றுதான் காத்திருந்தேன். — சிகுசா.'

இரண்டாம் தடவையும் படித்தார். பிறகு முனாகாதாவின் பெரிய கார்டை ஒரு விரல்கடை நகர்த்தி, பக்கத்தில் இதைக் குத்தினார்.

"எம் பேரோடயா?"

"எழுதினவங்க பேரு இருக்கும். இங்க எப்பவும் அப்படித்தான்."

அவள் படியிறங்கினாள். தெருவுக்கு வந்த பிறகுதான் இடுப்பில் இன்னும் கடையின் ஏப்ரன் இருப்பது தெரிந்தது. மேலே தட்டு மறுபடி சுற்ற ஆரம்பித்தது. எந்த வேகம் என்று சந்தில் நின்று காது கொடுத்தாள். அந்தப் பெண் முதலாளியை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரனைத் திருப்பிக் கொடுக்க சிகுசா மேலே போகவில்லை. அவிழ்த்துச் சுருட்டி, கைக்குள் இடுக்கிக்கொண்டு, ஸ்டேஷனைப் பார்த்து வேகமாக நடந்தாள்.