வாயடைப்பான்

வாய்க்கு வந்ததைப் பேசிவிடுகிறவள் நான். கடைக்காரியில் தொடங்கி பள்ளிக்கூடத் தலைமையாசிரியை வரைக்கும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் இந்த ஊரில் குறைவு. ஆனால் ஒரே ஒரு சொல்லை மட்டும் ஒன்பது வருடமாக நான் சொன்னதில்லை. தனியாக இருக்கும்போதுகூடச் சொன்னதில்லை. அது என் மாமனாரின் பெயர்.

எங்கள் மலைப்பக்கத்தில் மருமகள் யாரும் மாமனார் பெயரைச் சொல்லமாட்டாள். அவர் பெயருக்கு இரும்பு என்று அர்த்தமானால், அதற்கப்புறம் அவள் வாயில் இரும்பு என்ற சொல்லும் வராது, 'கறுத்தது' என்பாள். என் பாடு இன்னும் மோசம். அவர் பிறந்த அன்று அவருடைய தாய் பார்லியை வறுத்து மாவரைத்துக்கொண்டிருந்தாளாம். மாவின் பெயரையே பிள்ளைக்கும் வைத்துவிட்டார்கள். பாலில் கரைத்தோ வெண்ணெயில் பிசைந்தோ பிள்ளைகள் தினமும் தின்கிற மாவு. அதன் பெயரைச் சொல்லாமல் ஒருத்தி எப்படிக் குடும்பம் நடத்துவது?

கல்யாணமான முதல் வாரமே நான் மாட்டிக்கொண்டேன். நான் வேறு பள்ளத்தாக்கிலிருந்து வந்தவள், மாமனாரின் பெயர் அப்போது எனக்குத் தெரியாது. அடுப்படியில் நின்று, "அத்தை, அது எங்க இருக்கு?" என்று, 'அது' என்ற இடத்தில் மாவின் பெயரைப் போட்டு உரக்கக் கேட்டுவிட்டேன். மாமியார் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. தொழுவத்திலிருந்து மாமனாரின் குரல் வந்தது.

"இங்க இருக்கேன்!"

சொல்லிக்கொண்டே அவர் ஓட்டமும் நடையுமாக உள்ளே வந்து, யார் கூப்பிட்டது என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நான் தலைத்துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். அவருக்குக் கோபம் என்றுதான் அப்போது நினைத்தேன். அன்றிலிருந்து அந்தச் சொல் என் நாக்குக்கு வரவே இல்லை.

அதற்கு நான் வைத்த பெயர் 'வாயடைப்பான்'. அந்த மாவை வாயில் போட்டால் பேச முடியாது. பேசினால் எதிரில் இருப்பவன் முகம் வெள்ளையாகிவிடும். ஊரில் நாற்பது வீடும் ஒரே வம்சம், உயிரோடு இருக்கும் ஆண்களில் என் மாமனார்தான் மூத்தவர். ஆகவே ஊரின் எல்லா மருமகள்களுக்கும் அந்தப் பெயர் ஆகாது. நான் வைத்த பெயரை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அம்மாக்கள் சொல்லாத சொல் பிள்ளைகளுக்கு எங்கிருந்து தெரியும்? என் மகள் ஐபேரிக்கு ஏழு வயது. அவள் வயதுப் பிள்ளைகளுக்கெல்லாம் அது வாயடைப்பான்தான்.

ஐபேரி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அவள் சாப்பாடுதான் எனக்குப் பெரிய கவலை. காலை எட்டு மணிக்குப் போகிற பிள்ளை ஒன்றரைக்குத்தான் திரும்புவாள். சமையல்காரி ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய்விட்டதால் பள்ளிச் சமையலறை பூட்டியே கிடந்தது. பத்து மணிக்குப் பிள்ளைகள் எதிர்க்கடைக்கு ஓடுவார்கள். வேகவைக்காத நூடுல்ஸை பாக்கெட்டோடு நொறுக்கி, மசாலாத் தூளைக் கொட்டிக் குலுக்கித் தின்பார்கள். நாலாவது பாடவேளையில் பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

"அம்மா, பசிக்கல. ஆனா உள்ள எரியுது," என்றாள் ஒருநாள் ஐபேரி.

அன்று சாயங்காலமே இரும்புக் கொப்பரையை அடுப்பில் ஏற்றினேன். பார்லி, கோதுமை, ஒரு கை மக்காச்சோளம் போட்டு வறுத்தேன். அவசரப்பட்டால் மேலே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். ஒரு மணியை எடுத்துக் கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும், அதுதான் பதம். அரைத்த மாவை வெறுமனே கொடுத்தால் பிள்ளைகள் சிரிக்கும்போது புரையேறும். ஏப்ரிகாட் வற்றலை வெந்நீரில் ஊறவைத்து மசித்தேன், வால்நட்டைப் பொடித்தேன், வெண்ணெயை உருக்கினேன். எல்லாவற்றையும் மாவோடு சேர்த்துப் பிசைந்து உருண்டை பிடித்தேன். சர்க்கரை ஒரு சிட்டிகைகூட இல்லை. பிடித்தால் நிற்க வேண்டும், வாயில் போட்டால் தானே உதிர வேண்டும். முதல் தடவை கல்லாக இருந்தது. என் மகன், நாலு வயது பெலெக், அதைச் சுவரில் எறிந்து விளையாடினான். மூன்றாவது தடவை சரியாக வந்தது.

மறுநாள் ஐபேரி பத்து உருண்டை கொண்டுபோனாள், அதற்கு மறுநாள் இருபது. வாயில் போட்டுக்கொண்டு முதலில் பேசுகிறவன் தோற்றவன் என்று ஒரு விளையாட்டே கட்டிவிட்டார்களாம். "உங்க வாயடைப்பானால கிளாஸ்ல பத்து நிமிஷம் நிம்மதி, குலாயிம்," என்றாள் டீச்சர்.

இந்த நேரத்தில்தான் மாஸ்கோவிலிருந்து என் கணவன் சமத் போன் செய்தான். அவன் அங்கே ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான்.

"துப்புரவு வேலை ஒண்ணு இருக்கு. ரெண்டு பேரும் சேந்து உழைச்சா மூணு வருஷத்துல வீட்டுக்குக் கூரை மாத்திடலாம். மாசக் கடைசில கிளம்பு. புள்ளைங்கள அப்பா பாத்துப்பாரு."

"மூணு வருஷத்துல பெலெக் என்னை அக்கான்னு கூப்பிடுவான்."

"இங்கயே ஒரு வேலை கிடைச்சா இரு. யாரு வேணாம்னா?"

அந்த வாரமே பள்ளியில் சமையல்காரிக்கு ஆள் தேடுவதாகச் சொன்னார்கள். வேலைக்கு வருகிறவள் பத்து மணிக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒரு தின்பண்டம் செய்து கொண்டுவர வேண்டும். நகரத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்ப்பார். அது கிடைத்தால் என் பிள்ளைகளோடு இருப்பேன், கிடைக்காவிட்டால் ரயில்தான்.

மாமனார் தன் பழைய காரில் என்னையும் உருண்டைத் தட்டையும் ஏற்றிக்கொண்டு போனார். பின்சீட்டில் ஐபேரி, அவள் மடியில் பெலெக். சாலையில் பனி உருகிச் சேறாகிக் கிடந்தது. பாதி வழியில் அவர் வாயைத் திறந்தார்.

"போறதுன்னா போ, பிள்ள. புள்ளைங்கள நான் பாத்துப்பேன்."

எனக்குச் சுருக்கென்றது. மகனைப்போல மருமகளும் சம்பாதித்துப் போடட்டும் என்று நினைக்கிறார் போலிருக்கிறது. "சரிப்பா," என்று மட்டும் சொன்னேன். மாமனாரோடு வாதாடுகிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் அன்று முழுக்க அந்தப் பேச்சு முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

வகுப்பறை நிறையப் பெண்கள், முன்வரிசையில் பிள்ளைகள். ஆண்களில் பாதிப் பேர் ரஷ்யாவில், மீதிப் பேர் ஆட்டுப் பட்டியில். மாமனார் கடைசி வரிசையில் குழந்தைகள் உட்காரும் நாற்காலியில், முழங்கால் முகவாயைத் தொட உட்கார்ந்தார். அதிகாரியின் பெயர் ரோசா அப்தில்தாயெவ்னா. கண்ணாடி போட்ட, கறாரான அம்மாள். நகரத்திலேயே பிறந்து, நகரத்திலேயே படித்தவர்.

எனக்குப் போட்டியாக ஒருத்திதான் வந்திருந்தாள், குல்சின். எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகளை மலையாகக் குவித்திருந்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா தினமும் எண்ணெய்ப் பலகாரம் புள்ளைங்களுக்கு ஆகாது," என்றார் அதிகாரி.

அதற்குள் என் தட்டைப் பிள்ளைகள் காலி செய்துவிட்டார்கள். அதிகாரியும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு ஏதோ கேட்க வந்தார். முடியவில்லை. கண்ணை உருட்டிக்கொண்டே மென்று முடித்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"அருமை. என்னென்ன போட்டீங்க?"

வெண்ணெய், வால்நட், ஏப்ரிகாட் என்று ஒப்பித்தேன். "அப்புறம் வறுத்து அரைச்ச மாவு."

"எந்த மாவு? இதுக்குப் பேர் என்ன?"

"வாயடைப்பான்."

அவர் நகரத்து அலுவலகத்துக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேஜைமேல் வைத்தார். பள்ளியில் கொடுக்கலாம் என்று ஒப்புக்கொண்ட தின்பண்டங்களின் பட்டியல் அங்கே இருக்கிறதாம். போனில் ஒரு பையன் தேடினான்.

"அப்படி ஒண்ணு இல்லீங்க மேடம். வேற பேரு ஏதாச்சும் உண்டா?"

"வேற பேரு சொல்லும்மா," என்றார் அதிகாரி. "பட்டியல்ல இல்லாதத நான் எழுத முடியாது. நாளைக்கு ஒரு புள்ளைக்கு வயித்த வலிச்சா, என்ன தின்னான்னு டாக்டர் கேப்பாரு. வாயடைப்பான்னா சொல்ல முடியும்?"

வேறு பெயர் எனக்குத் தெரியும். அந்த அறையில் இருந்த முப்பது பெண்களுக்கும் தெரியும். தலைமையாசிரியை சன்னலைப் பார்த்தாள். குல்சின், என் போட்டிக்காரி, அவளே உதட்டைக் கடித்துக்கொண்டு கையைப் பிசைந்தாள். சொன்னால் அவளுக்குத்தான் நஷ்டம், ஆனாலும் சொல்லிவிடத் துடித்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. அவளும் இந்த ஊர் மருமகள்தான்.

"வாயில வரலைன்னா எழுதிக் குடு," என்று பேனாவை நீட்டினார் அதிகாரி. வாங்கினேன். மாமனார் உட்கார்ந்திருக்கும்போது அவர் பெயரை எழுதுவது மட்டும் என்ன, சொல்வதில் சேர்த்தியில்லையா?  பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

"புள்ளைங்களா, நீங்க சொல்லுங்க. இது என்ன?"

"வாயடைப்பான்!" என்று இருபத்தெட்டு பிள்ளைகளும் கத்தினார்கள். ஐபேரியின் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது. பாவம், அம்மாவுக்கு உதவி செய்வதாக அவளுக்கு நினைப்பு.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்றது போன்.

பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பினார்கள். என் மாமனாரின் கன்னங்கள் இரண்டும் உப்பியிருந்தன. பிள்ளைகள் தட்டைக் காலி செய்தபோது அவரும் இரண்டு உருண்டையை எடுத்து ஒரேயடியாக வாயில் போட்டிருக்கிறார். தாடை அசையாமல் நின்றது. கண் என்மேல் இருந்தது. பேச முடியாமல் இருக்கிறாரா, பேசப் பிடிக்காமல் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. 'போறதுன்னா போ' என்றாரே. அவர் அப்படியே உட்கார்ந்திருந்தால் போதும், நான் போயே ஆகவேண்டும். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் அந்த மனிதரை நான் வெறுத்தேன்.

"சரி, பேரு தெரியாட்டி விட்டுடலாம்," என்று அதிகாரி காகிதத்தை மடித்தார்.

பின்னால் நாற்காலி கவிழ்ந்த சத்தம் கேட்டது. மாமனார் எழுந்து நின்றுவிட்டார். கையை உயர்த்தி 'இருங்க' என்று காட்டினார். வாயிலிருந்ததை அப்படியே முழுங்கினார், புரையேறிக் கண்ணில் தண்ணீர் வர இருமினார். ஐபேரி டீக் குவளையோடு ஓடினாள். ஒரே மடக்கில் குடித்துவிட்டு, மீசையில் மாவோடு சொன்னார்:

"தல்கான்."

அதிகாரி மடித்த காகிதத்தைப் பிரித்தார்.

"அதுவும் தல்கான்தான், நானும் தல்கான்தான். முழுப்பேரு தல்கான்பாய். எழுதிக்கம்மா."

"உங்க பேர நான் கேக்கலையே, பெரியவரே."

"யாருமே கேக்கறதில்லம்மா," என்றார் அவர். "அதான் நானே சொல்றேன்."

பெண்கள் தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். போனில் பையன், "இருக்குங்க மேடம், பன்னெண்டாவது நம்பர்," என்றான். நான் அழுதேன். 

திரும்பி வரும்போது பிள்ளைகள் பின்சீட்டில் தூங்கிவிட்டார்கள். பாலம் தாண்டியதும் அவர் வண்டியை மெதுவாக்கினார்.

"பத்து வருஷமாச்சு, பிள்ள. எங்க அக்கா செத்துப்போனதோட சரி. என் பேரச் சொல்லிக் கூப்பிட அவ ஒருத்திதான் மிச்சம் இருந்தா. உங்க அத்தை ஒருநாளும் சொன்னதில்ல. சின்னப் பசங்க தாத்தாங்கறாங்க, பெரியவங்க அண்ணேங்கறாங்க. இன்னிக்கு நானே சொல்லி நானே கேட்டேன். வேற யாரோட பேரோ மாதிரி இருந்துச்சு."

நான் அடுப்படியில் கேட்ட அந்த முதல் வாரம் நினைவுக்கு வந்தது. ஓட்டமும் நடையுமாக வந்தாரே, ஒவ்வொரு முகமாகப் பார்த்தாரே. அது கோபமில்லை. இத்தனை வருடமாக எனக்கு அது உறைக்கவில்லையே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

"நீங்க பேசாம இருந்திருந்தா நான் மாஸ்கோ போயிருப்பேன், அப்பா. போறதுன்னா போன்னு நீங்கதானே சொன்னீங்க."

"போகாதன்னு சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கு? கூரை ஒழுகுதே," என்றார். கொஞ்ச தூரம் போனபிறகு, "ஆனா நீ இருக்கணும்னுதான் மெல்லாமக்கூட முழுங்கினேன்," என்றார்.

இப்போது பள்ளிச் சமையலறை என் கையில். காலையில் ஐபேரி வாசல் பலகையில் சாக்கட்டியால் அன்றைய பண்டத்தின் பெயரைக் கோணல் மாணலாக எழுதிவைப்பாள். எனக்கு இன்னும் அந்தச் சொல் வரவில்லை. வீட்டில் அவரே, "சொல்லு பிள்ள, பரவாயில்ல," என்று சொல்லிப் பார்த்தார். உதடு பிரிகிறது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. நான் சொல்லாவிட்டால் என்ன, சொல்லத்தான் இப்போது ஆட்கள் இருக்கிறார்களே.

பத்து மணிக்கு மணி அடித்ததும் பிள்ளைகள் சன்னலில் வந்து மோதுவார்கள். "தல்கான்! தல்கான்! எனக்குத் தல்கான்!" என்று கத்துவார்கள். அந்த நேரம் பார்த்து என் மாமனாருக்குப் பள்ளிவேலிப் பக்கம் ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். ஒருநாள் பால் கேனை இறக்கிவைப்பார், ஒருநாள் வேலிக் கம்பியை முறுக்கிக் கட்டுவார். கட்டிய கம்பியையே மறுநாள் அவிழ்த்துக் கட்டுவார். பிள்ளைகள் போடுகிற கூச்சலில் அவர் சொல்வது யாருக்கும் கேட்பதில்லை. சன்னலுக்கு உள்ளே நிற்கிற எனக்கு மட்டும் அவர் உதடு தெரியும்.

"இங்க இருக்கேன்," என்பார்.

அவருக்கும் ஒன்று உருட்டித் தனியாக எடுத்துவைக்கிறேன்.