இன்றே என்னும் சொல்

செம்பனைக் காடுகளின்மேல் படிந்திருந்த வெண்பனி கதிரவன் எழுந்ததும் மெல்லக் கலைய, சிம்பாங் அம்பாட்டிலிருந்து வரும் பேருந்துகள் தோட்டத்து மக்களை அலோர் காஜா அரசு மருந்தகத்தின் வாயிலில் இறக்கிவிட்டுப் போகும் காலை வேளை அது. ஏழு மணிக்கே எண்சீட்டு வாங்கி, பதினொன்றுக்குத் தன் பெயர் கேட்கும் அந்தக் கூட்டத்தைப் படிப்பவர் கண்டிருக்கலாம். காணாதவர் நலமாக வாழ்க.

அங்கே மருத்துவராக நோய் பார்த்தவள் தேவமலர், ரப்பர்த் தோட்டத்தில் பாலெடுக்கப் பால்மரம் வெட்டியவரின் மகள். காளியம்மா என்னும் தோட்டத்துப் பெண்ணின் மார்பில், நெல்லிக்கொட்டை போன்றதொரு கட்டி ஒருநாள் தேவமலரின் விரலுக்குத் தட்டுப்பட்டது. படமெடுத்துப் பார்க்கவேண்டும், பெரிய மருத்துவமனையிலோ மூன்று திங்கள் கழித்தே நாள் கிடைத்தது. அதுவரை கட்டி காத்திருக்குமா?

தஞ்சோங் கிளிங் கடலோரத்தில் சொந்த மருத்துவமனை நடத்திய அஞ்சனா, தேவமலரோடு படித்தவள். தேர்வில் எப்போதும் இவளுக்குப் பின்னே நின்றவள். தோழியின் மாளிகையையோ மகிழுந்தையோ கண்டு தேவமலருக்கு வயிறு எரிந்ததில்லை. நோயாளி கேட்டதும் ‘இன்றே’ என்கிறாளே, அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பன்னிரண்டு ஆண்டாக நீறு பூத்த நெருப்பாய்க் கனன்றாள். அவளிடம் போய் நிற்பதா என்று இரண்டு நாள் வீம்பாக இருந்தவள், மூன்றாம் நாள் சோறு இறங்காமல் தொலைபேசியை எடுத்தாள்.

"அட, மலரு! இப்பத்தான் என் நம்பர் கெடச்சிச்சா? அனுப்பு லா, இன்னிக்கே பாத்துடுறேன். காசெல்லாம் வேணாம்."

கட்டி தீயதுதான், ஆயினும் முளையிலேயே அறுத்தெடுக்கப்பட்டது. மாதம் திரும்புமுன் காளியம்மா முகம் மலர வந்து நின்றாள்.

"அவங்கதான் டாக்டரு! போன அன்னிக்கே பாத்துட்டாங்க. நீங்க மூணு மாசம்னீங்களே... இன்னும் கொஞ்சம் படிச்சிருக்கலாம், தாயி."

"படிக்கிறேங்க்கா," என்று சிரித்தாள் தேவமலர். அஞ்சனாவை அழைத்துக் கேட்டவள் தான்தான் என்று சொல்ல நா எழுந்தது. அந்த இரண்டு நாள் வீம்பு நினைவில் வந்து வாயை அடைத்தது.

அடுத்து வந்தவள் சுப்பம்மா. அவளுக்கும் மார்பில் கட்டி. இம்முறை தேவமலரிடம் வீம்பில்லை, உடனே அஞ்சனாவை அழைத்தாள்.

"மலரு, ஒன்னு ரெண்டுன்னா செய்வேன். ஒன் வாசல்ல நிக்கிற எல்லாரையும் எப்படி லா?"

அதில் பிழையும் இல்லை. ஆனாலும் பொறாமை தணியவில்லை; ‘முடியாது’ என்பதைக்கூட அவளால் தன் விருப்பப்படி சொல்ல முடிகிறதே! பொறாமை இழிந்த குணமென்பர் சான்றோர். பிறர் உயிருக்காகப் பொறாமைப்படுபவளை என்னென்பது என்று அவர்கள் சொல்லிவைக்கவில்லை.

மூன்று திங்கள் கழித்து வரும் நாளை அட்டையில் எழுதி நீட்டினாள். சுப்பம்மா அதை இரு கையாலும் வாங்கி, நன்றி சொல்லிப் போனாள். அந்த நன்றியைப்போல் தேவமலரைச் சுட்ட வசை வேறொன்றில்லை.