தொண்ணூறு நிமிடச் சாதனை

வெடிமருந்துக் கப்பலை யாரும் பக்கத்தில் அண்ட விடமாட்டார்கள். துறைமுகத்தில் மற்றக் கப்பல்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். இதை மட்டும் எட்டாத தூரத்தில் நங்கூரம் போட வைப்பார்கள். இருபத்தெட்டு வருடம் அப்படி ஒதுங்கி நின்றே உழைத்த கப்பலை உடைக்கப் போகிறார்கள் என்றதும் எல்லாருக்கும் பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. விடைகொடுக்கும் விழாவில் வாசிக்க அதன் பணி வரலாறு வேண்டுமாம். அதை எழுத அந்தக் கப்பலின் பழைய ஸ்டோர்கீப்பரைப் பிடித்தார்கள்.

அவருக்கா சொல்லித் தர வேண்டும்? போர் மூண்ட மூன்றாம் நாள், கொந்தளிக்கும் கடலில் இரண்டு கப்பல்கள் பக்கம் பக்கமாக ஓட, கம்பிவடத்தில் தொங்கவிட்டு அறுநூறு பெட்டிக் குண்டுகளைப் போர்க்கப்பலுக்கு அனுப்பியவர் அவர். தொண்ணூறே நிமிடம். அதற்குப் பதக்கம் கிடைத்தது. கல்யாண வீடோ சாவு வீடோ, மனுஷன் அந்தக் கதையை அவிழ்த்துவிடாமல் எழுந்து வந்ததில்லை.

அவிழ்க்காமல் வைத்திருந்தது ஒன்று உண்டு. கடைசிச் சுமை பாதி வழி போனபோதுதான் பெட்டிகளின் பக்கவாட்டில் இருந்த நீலப் பட்டை அவர் கண்ணில் பட்டது. நீலம் என்றால் பயிற்சிக் குண்டு. உள்ளே வெறும் மணல். அவசரத்தில் வேறு அடுக்கிலிருந்து நாற்பது பெட்டி ஏறிவிட்டது. ஒரு சொல் சொல்லியிருந்தால் அத்தனையும் திரும்பி வந்திருக்கும், சாதனையும் போயிருக்கும். ஒலிபெருக்கியில் கேப்டன் அதை அறிவித்துக்கொண்டிருந்தார். இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

போர்க்கப்பல் பதினோரு நாள் எதிரியைத் தேடிச் சுற்றியது. நல்லவேளை, எதிரி வரவில்லை. பிறகு நாற்பது பெட்டியையும் அந்தக் கப்பலின் பீரங்கிக்காரரே ஒரு சீட்டு எழுதிக் கொண்டுவந்து ஒப்படைத்தார். ‘பயன்படுத்தவில்லை’ என்பதற்கு மேல் சீட்டில் ஒரு வார்த்தை கிடையாது.

வரலாற்றை மகள்தான் தட்டச்சு செய்தாள். “நாப்பது பெட்டி திரும்பி வந்ததா பழைய நோட்டுல இருக்கேப்பா. சேர்க்கணுமா?”

“அதெல்லாம் சில்லறை விஷயம்மா. விட்டுடு.”

விழா மேடையில் ஏறி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தவர் இரண்டாம் வரிசையில் அந்தப் பீரங்கிக்காரரைப் பார்த்தார். தலை வழுக்கையாகியிருந்தது, முகம் அதேதான். இப்போதாவது சொல்லிவிடலாம், ஒலிவாங்கி கையில்தான் இருக்கிறது. ஆனால் முன்வரிசையில் மகள் பெருமையாக உட்கார்ந்திருந்தாள். தாளில் இருந்ததை அப்படியே வாசித்தார். தொண்ணூறு நிமிடம் என்றதும் முதலில் கை தட்டியவர் பீரங்கிக்காரர். அந்தச் சத்தம் கேட்டு ஸ்டோர்கீப்பர் கூனிக் குறுகிப் போனார்.

கூட்டம் கலைந்ததும் வாசல் படிக்கட்டின் மேல் பீரங்கிக்காரரே வந்து நின்றார்.

“நல்லா எழுதியிருக்கீங்க.”

“நீங்க வருவீங்கன்னு தெரியாது.”

“தெரிஞ்சிருந்தா?”

ஸ்டோர்கீப்பர் கையிலிருந்த தாளை மடிக்கத் தொடங்கினார்.

“பதினோரு நாள் சார். கடைசி அடுக்கு முழுக்க மணல்னு எனக்கு மட்டும்தான் தெரியும். பசங்ககிட்ட சொன்னா பயந்துடுவாங்கன்னு சிரிச்சுக்கிட்டே நின்னேன். தப்பு யாருக்கும் நடக்கும், உங்களுக்கே தெரியாம போயிருக்கும்னுதான் மேலிடத்துக்கு எழுதல.” ஸ்டோர்கீப்பரின் முகத்தையே பார்த்தார். “தெரியாமத்தானே போச்சு?”

ஸ்டோர்கீப்பரின் பார்வை தரைக்குப் போய்விட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆமாம் என்று ஒரு பொய் சொல்லக்கூட வாய் வரவில்லை.

“சரி,” என்றார் பீரங்கிக்காரர். “தொண்ணூறு நிமிஷம்னதும் உங்க பொண்ணு பெருமையா திரும்பி எல்லாரையும் பார்த்துச்சு. அதுக்காகத்தான் கை தட்டினேன்.”

அவர் படியிறங்கத் தொடங்கவும் மகள் வந்து சேர்ந்தாள்.

“யாருப்பா அவரு? முதல்ல கை தட்டினாரே.”

“தெரியலம்மா. பழைய ஆளு யாரோ.”

பீரங்கிக்காரர் இன்னும் மூன்று படிகூட இறங்கியிருக்கவில்லை. ஒரு கணம் நின்றார். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார்.